நாயகம் விற்ற இசைத்தட்டுகள்

ஜூன் 2, திங்கள்

டவுன்ஹால் பஷீர் பாய் கடையில் ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகள் வாங்கினேன். எல்லாம் ஃபங்க், ஆசிட் ஜாஸ். இரண்டும் எனக்குப் பிடிக்காது. பிடிக்காததை எதற்கு வாங்கினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். இந்த நாட்குறிப்பில் பொய் கிடையாது.

பெட்டி அருமைநாயகத்துடையது.

பாய்தான் சொன்னார். "நாயகம் சார் நேத்து ஆட்டோவுல கொண்டாந்து இறக்கிட்டாரு சார். இருபத்தேழாம் தேதி வெளிநாடு, பெர்த்துக்குக் கெளம்பறாராமே, மககிட்ட. ஒரேயடியா அங்கயேதானாம். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றேன். தெரியாது.

நாயகமும் நானும் கல்லூரி விடுதியில் ஒரே அறை. பிறகு ஒரே ஊரில் முப்பது வருடம். நாலு வருடமாகப் பேச்சு இல்லை. காரணம் மிகவும் தீவிரமானது. பல் டாக்டர் மகுடேசுவரன் வீட்டில் மாதம் ஒரு ஞாயிறு நாங்கள் சில பேர் கூடி இசைத்தட்டு கேட்போம். ஞாயிறு வட்டம் என்று பெயர். தட்டைக் கொண்டுவந்தவர் முதலில் பேசலாம். ஊசி இறங்கிவிட்டால் இரண்டு பக்கமும் முடியும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது. நான் ஒரு போலந்துக்காரரின் தனிப் பியானோவைக் கொண்டுபோயிருந்தேன். மெதுவான, ஆழமான வாசிப்பு. இரண்டாம் பக்கத்தின் நடுவில் நாயகம் வாய் திறந்தான். பேசுவதற்கு அல்ல. கொட்டாவி. சத்தத்துடன், முழு நீளக் கொட்டாவி. மற்றவர்கள் சிரித்தார்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதன்பின் போகவில்லை.

இப்போது அவன் ரசனை முழுவதும் ஒரு பெட்டியில் என் கூடத்தில் இருக்கிறது. ஒவ்வொன்றாகக் கேட்டுத் தீர்ப்பு எழுதப்போகிறேன். குழுக்களின் பெயரை எழுத மாட்டேன். அவர்களுக்கு நான் ஏன் விளம்பரம் செய்ய வேண்டும்?

ஜூன் 3, செவ்வாய்

முதல் தட்டு. அட்டையில் ஆரஞ்சு பேன்ட் போட்ட ஒன்பது பேர். இவ்வளவு முடியை ஒரே படத்தில் நான் பார்த்ததில்லை.

ஃபங்க் என்பது என்ன என்று எனக்கு விளங்கிவிட்டது. முதல் அடியில் ஓங்கி மிதிக்கிறார்கள். மற்ற அடிகளில் மிதிக்கப் போவதுபோல் போய் மிதிக்காமல் விடுகிறார்கள். நம் ஆட்கள் தாளத்தின் முதல் அடியான சமத்துக்கு வந்து சேர ஊரெல்லாம் சுற்றுவார்கள். இவர்களுக்குச் சமத்தை விட்டு வெளியே போகவே மனமில்லை. கிட்டார்காரர் தந்தியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு சிக்கு சிக்கென்று வெங்காயம் நறுக்குகிறார். பேஸ் கிட்டார்காரர் கட்டை விரலால் கம்பியை அடித்து, இன்னொரு விரலால் சுண்டி இழுக்கிறார். பம்புக்குள் காற்று புகுந்தால் இந்தச் சத்தம் வரும். பம்பு சோதிக்கும் என் தொழிலில் இதைக் கோளாறு என்போம்.

மனைவி பூங்கொடி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, இது நல்லா இருக்குதுங்க. தோசை ஊத்தறதுக்குத் தோதா இருக்குது."

தீர்ப்பு: தோசைக்கு ஏற்ற இசை. இதற்குமேல் அவமானம் ஓர் இசைக்கு வேண்டுமா? ஆனால் தோசை வழக்கத்தைவிட மெலிதாக, ஒரே சீராக இருந்தது. நாலு சாப்பிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

அலுவலகம். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவரான தலைமைப் பொறியாளர், எனக்கு வந்திருக்க வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்து, எனக்கு வந்திருக்க வேண்டிய ஏசியில் சளி பிடித்துத் தும்மிக்கொண்டிருந்தார். மகிழ்ச்சி.

புதிதாகச் சேர்ந்த பெண் பொறியாளர் ஒருவர் சோதனைக்கூடத்தில் மோட்டாரின் தகட்டைப் பார்க்காமலே பம்பை ஓட்டிவிட்டார். சுற்றுவேகம் தவறு. எழுதிய அளவுகள் எல்லாம் குப்பை. "நிமிஷத்துக்கு எத்தனை சுற்றுன்னு தகட்டுலயே போட்டிருக்குதம்மா. அதைப் படிக்காம ஓட்டறவங்களுக்கு எதுக்கு டிகிரி?" என்றேன். எல்லோர் முன்னிலையிலும்தான். அப்போதுதான் மறக்காது.

ஜூன் 7, சனி

ஆசிட் ஜாஸ். கறுப்பு வெள்ளை அட்டை. தொப்பி வைத்தவர் ஒருவர் மழையில் நனைந்தபடி டீ குடிக்கிறார். லண்டன் போலிருக்கிறது.

ஆசிட் ஜாஸ் என்றால் அமிலம் ஊற்றிய ஜாஸ் என்று நினைத்திருந்தேன். அமிலமெல்லாம் இல்லை. ஃபங்க்கின் அடியை எடுத்து வைத்துக்கொண்டு, அதன்மேல் ஜாஸை இஸ்திரி போட்டு மடித்து வைத்திருக்கிறார்கள். ஆர்கன் ஒன்று சூடான தார்ச்சாலைபோல் பின்னால் விரிகிறது. அதில் புல்லாங்குழல் சைக்கிளில் கையை விட்டுவிட்டுப் போகிறது. மேளக்காரர் பித்தளைத் தட்டைத் திறந்து மூடும் இடம் ஒன்று இருக்கிறது, முதல் பக்கம் மூன்றாவது பாட்டில். இசையை அல்ல, அந்த இடத்தை மட்டும், அதன் கைத்திறனைச் சரிபார்க்க, சில தடவை திரும்பப் போட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

நேற்று என் கால் ஆடியதாகப் பூங்கொடி சொல்கிறாள். கொசு.

ஜூன் 10, செவ்வாய்

இன்று எழுதுவது தீர்ப்பு அல்ல.

பெட்டியின் அடியில் ஒரு தட்டு. அட்டையில் ஒரு பெண் மஞ்சள் ஸ்கூட்டரில் உட்கார்ந்து சிரிக்கிறாள். பின்னால் கடல். விற்பனைக்காகப் போட்ட படம். உள்ளே இருப்பதற்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பக்கத்துக்கு இரண்டே பாட்டு, கஞ்சர்கள். ஆனால் அந்த நாலு பாட்டு!

இந்தக் கூச்சல் பெட்டிக்குள் இப்படி ஒன்று எப்படி வந்து விழுந்தது? பேஸ் ஒவ்வோர் அடியாக, சேற்றிலிருந்து காலை எடுத்து வைப்பதுபோல் நடக்கிறது. டிரம்பெட்டும் சாக்சபோனும் சேர்ந்து முனகுகின்றன. பிறகு பாடகர் வருகிறார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எல்லாவற்றையும் இழந்தவர். போர்ச்சுகீசிய மொழி என்று நினைக்கிறேன், ஒரு சொல்லும் புரியவில்லை, புரியவும் வேண்டாம். கிணற்றின் அடியிலிருந்து வருகிற குரல். ஒரு சொல்லைத் தொடங்கினால் முடிப்பதற்குள் அவருக்கு மூப்பு வந்துவிடுகிறது.

இது என் இசை. நாயகத்திடம் இது இத்தனை நாள் இருந்திருக்கிறது! கேட்டிருக்க மாட்டான். கேட்டிருந்தால் கொட்டாவி விட்டிருப்பான்.

பூங்கொடி கணக்குத் தாள் திருத்திக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "மிஷினு ஏதாச்சும் ரிப்பேருங்களா?"

"ஏன்?"

"அந்த ஆளுக்கு உடம்பு சரியில்லாத மாதிரி இருக்குதுங்க."

துயரத்துக்கும் உடல்நலக் குறைவுக்கும் உள்ள வேறுபாட்டை அவளுக்குக் கொஞ்ச நேரம் விளக்கினேன். சரிங்க என்று சொல்லிவிட்டுத் தாளுக்குத் திரும்பிவிட்டாள்.

ஜூன் 13, வெள்ளி

டாக்டர் மகுடேசுவரன் போன் செய்தார். இருபத்திரண்டாம் தேதி நாயகத்துக்கு வழியனுப்பும் வட்டமாம். ஒவ்வொருவரும் அவனுக்காக ஒரு தட்டு கொண்டுவந்து, அதைப் பற்றிப் பேசிவிட்டுப் போட வேண்டுமாம்.

"நீங்க வந்தா நல்லா இருக்கும் நாச்சிமுத்து. கடைசித் தடவை."

"வர முடியாதுங்க டாக்டர். கொள்கைன்னு ஒண்ணு இருக்குதுங்க."

"சரிங்க, புரியுது."

அவர் இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாம். பல் பிடுங்கும்போது மட்டும் விடாமல் இழுப்பார்.

கொஞ்ச நேரம் கழித்து நானே கூப்பிட்டு எத்தனை மணிக்கு என்று கேட்டேன். தகவலுக்காக.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் எங்கள் ஊர் ராமநாதபுரம் பக்கம் ஒரு வேலை இருந்தது. நாயகம் வீடும் அந்தப் பக்கம்தான், அதற்கு நான் என்ன செய்வது? வாசலில் 'வீடு வாடகைக்கு' என்று பலகை தொங்குகிறது. அவன் மனைவி, மகளின் பிரசவத்துக்கென்று, மார்ச்சிலேயே போய்விட்டாள் என்று டாக்டர் சொன்னார். மாடியில் ஒரே ஒரு லுங்கி காய்ந்துகொண்டிருந்தது. தூறலில் என்ன காயும்? எடுத்து உள்ளே போடக்கூடத் தெரியாதவன்.

வேலை என்னவென்று பூங்கொடி கேட்டாள். மறந்துவிட்டது என்றேன்.

ஜூன் 18, புதன்

இருபத்திரண்டாம் தேதி போகிறேன். ஸ்கூட்டர்காரியின் தட்டைத்தான் எடுத்துப்போகப் போகிறேன். அவன் வைத்திருந்து அவனுக்கே தெரியாமல் போன பொருளை அவன் முன்னால் வைத்து, கேட்பது என்றால் என்ன என்று காட்டிவிட்டு வந்துவிடுவேன். உரை தயார். பூங்கொடியிடம் வாசித்துக் காட்டினேன். "நீளமா இருக்குதுங்க" என்றாள். பிறகு, "அவரு ஊருக்குப் போறாருங்க. சண்டை போட்டு அனுப்பிராதீங்க" என்றாள்.

ஜூன் 22, ஞாயிறு

வெற்றி. வரிசையாக எழுதுகிறேன்.

டாக்டர் வீட்டில் அதே பிரம்பு நாற்காலிகள். டாக்டர், தாவரவியல் பேராசிரியை ஷீலா, நாயகம். இளைத்திருக்கிறான். அவன் பிளேயரையும் டாக்டருக்கே கொடுத்துவிட்டானாம், அதில்தான் போட்டோம்.

"வாரும்வே" என்றான், நேற்றுத்தான் பார்த்ததுபோல். பாளையங்கோட்டைக்காரன். கல்லூரியிலிருந்தே அவன் என்னை வாரும் போம் என்பான், நான் அவனை நீ என்பேன். நான் தலையை மட்டும் அசைத்தேன்.

ஷீலா மேடமும் டாக்டரும் ஏதோ போட்டார்கள். என் முறை வந்தது. தட்டை உறையிலிருந்து எடுத்தேன். நாயகம் அட்டையைப் பார்த்தான்.

"இது எங்கவே கெடச்சுது?"

"கடையில."

"ஓ. நல்ல தட்டாச்சே."

"நல்லதா? உனக்கு இதுல என்ன கேட்டுச்சுன்னு எனக்குத் தெரியாது. நான் சொல்றதைக் கேளு."

எழுந்து நின்று உரையை வாசித்தேன். மெதுவாக நடப்பவனுக்குத்தான் தரை தெரியும் என்று தொடங்கினேன். அந்த முதியவரின் குரலைப் பற்றிச் சொன்னேன். மகனை இழந்தவராக இருக்கலாம் என்றேன். வேகம் பழகிய காதுகள் இந்தத் துயரத்தின் முன் தலை குனிய வேண்டும் என்று முடித்தேன். ஷீலா மேடம் அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார், பிறகு டாக்டரைப் பார்த்தார். டாக்டர் கூரையைப் பார்த்தார்.

நாயகம்தான் தட்டைப் பிளேயரில் வைத்தான். அவன் கை பித்தான் பக்கம் போய் ஒரு கணம் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தான். தோற்றவனுக்கு வருகிற தயக்கம். பிறகு கையை எடுத்துவிட்டு ஊசியை இறக்கினான்.

முதியவர் பாடத் தொடங்கியதும் நடந்ததை நான் என்றும் மறக்க மாட்டேன். ஷீலா மேடம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. டாக்டர் கைக்குட்டையால் முகத்தை முழுவதும் மூடிக்கொண்டு முன்னால் சரிந்துவிட்டார். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் வழிந்தது. இசைக்காக ஒரு பல் டாக்டர் அழுது நான் பார்த்ததில்லை. நாயகம் மட்டும் அழவில்லை. கண்ணை மூடி, அசையாமல் உட்கார்ந்திருந்தான். இடையில் ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்து டாக்டரை முறைத்தான். கொட்டாவி விடவில்லை.

முடிந்ததும் நாயகம்தான் முதலில் பேசினான். "நாச்சி, இந்தத் தட்டை நான் இப்பிடிக் கேட்டதே இல்லவே."

"இப்பத் தெரியுதா?" என்றேன்.

"தெரியுது."

இதைவிட ஒரு மனிதன் எப்படி ஒப்புக்கொள்வான்? பெருந்தன்மையாகக் கை கொடுத்தேன். எப்போது கிளம்புகிறாய், சாமான் எல்லாம் கட்டியாயிற்றா என்று கேட்க நினைத்தேன். அது தணிந்துபோவதாகிவிடும் என்று கேட்காமல் வந்துவிட்டேன்.

வெற்றி என்றால் இவ்வளவு சீக்கிரம் தூக்கம் வராது என்று நினைத்தேன். பரவாயில்லை, மூட்டமான நாள்.

ஜூன் 24, செவ்வாய்

தட்டைத் துடைக்க எடுத்தேன். படிக்கிற கண்ணாடி போட்டிருந்தேன். நடுவில் ஒட்டியிருக்கும் காகிதத்தில், ஓரமாக, சின்ன எழுத்தில் 45 என்று போட்டிருக்கிறது.

நான் எல்லாவற்றையும் நிமிடத்துக்கு 33 சுற்றில்தான் ஓட்டுவேன். பெரிய தட்டு என்றால் 33, சின்னத் தட்டு என்றால்தான் 45 என்று முப்பது வருடப் பழக்கம். என் பிளேயரில் 45-க்கான பித்தானின்மேல் தூசி படிந்திருந்தது.

அமுக்கினேன்.

பாடுவது பெண்.

இருபத்தைந்து வயதுகூட இருக்காது. மஞ்சள் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருப்பவள் அவளேதான். டிரம்பெட்டும் சாக்சபோனும் முனகவில்லை, கல்யாண வீட்டில் சித்தப்பாக்கள்போல் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொள்கின்றன. பேஸ் சேற்றில் நடக்கவில்லை, படிக்கட்டில் இரண்டிரண்டு படியாகக் குதித்து இறங்குகிறது. ஆசிட் ஜாஸ். சுத்தமான, துள்ளலான ஆசிட் ஜாஸ்.

பூங்கொடி வந்து வாசலில் நின்றாள். "அட, மிஷினு சரியாயிருச்சுங்களா?"

ஜூன் 25, புதன்

அலுவலகம் போகவில்லை. சுற்றுவேகம் அளந்து சம்பளம் வாங்குகிறவன் நான்.

அவர்கள் அழவில்லை. இப்போது எல்லாம் விளங்குகிறது. பல் டாக்டர் என்றைக்கு இசைக்கு அழுதிருக்கிறார்? நாயகத்துக்குத் தெரியும். அவன் தட்டு. அந்தப் பித்தானின்மேல் கை வைத்து நின்றானே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் என்னை நடுக் கூடத்தில் நிற்க வைத்து, ஓர் இளம்பெண்ணின் இல்லாத மகனைச் சாகடிக்க விட்டு, வேடிக்கை பார்த்திருக்கிறான். இனி செத்தாலும் அவன் முகத்தில் விழிக்க மாட்டேன். இதை எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

பூங்கொடியிடம் சொன்னேன். முழுவதும் கேட்டாள். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கத்தான் செய்தாள், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நாயகம் அண்ணன் சிரிச்சாருங்களா?"

"இல்ல."

"வேகத்தை மாத்திப் போட்டுருந்தாருன்னா என்னுங்க பண்ணியிருப்பீங்க?"

நான் தட்டை உறைக்குள் போட்டேன்.

"தட்டைத் தூக்கிட்டு வந்திருப்பீங்க. ஒரு கொட்டாவிக்கே நாலு வருசம். இதுக்கு எத்தனைன்னு அவரு கணக்குப் போட்டுப் பாத்திருப்பாருங்க."

கணக்கு டீச்சரைக் கல்யாணம் செய்யக்கூடாது.

ஜூன் 26, வியாழன்

மழை. எங்கும் போகப்போவதில்லை. கழுத்து வலி.

சசிதரன், அதுதான் அந்தத் தலைமைப் பொறியாளர், உடம்பு எப்படி என்று போன் செய்தார். சளி இன்னும் போகவில்லையாம். கஷாயம் ஒன்று சொன்னேன். அந்தப் பெண் பொறியாளரிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, தகடு பார்க்காமல் விடுவது யாருக்கும் நேரக்கூடியதுதான் என்றேன். "சார், உடம்பு ரொம்ப முடியலைங்களா?" என்று கேட்டார்.

ஜூன் 27, வெள்ளி

மதியம்வரை கழுத்து வலி இருந்தது. மூன்று மணிக்குப் போய்விட்டது. பிளேயரின் வயர்களைக் கழற்றினேன். பூங்கொடி ஒன்றும் கேட்காமல் ஸ்பீக்கர்களைப் பழைய போர்வையில் சுற்றினாள். காரையும் அவளே எடுத்தாள்.

நாயகம் வீட்டில் ஒன்றுமே இல்லை. இரண்டு பெட்டி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அவன். நான் பிளேயரைச் சுமந்துகொண்டு வாசலில் நின்றேன். என் வாயில் வந்தது இதுதான்: "அது 45."

"தெரியும்வே. உள்ள வாரும், கை வலிக்கப் போவுது."

"ஏன் சொல்லல?"

"எப்பச் சொல்ல? நீரு பேசிட்டு இருந்தீரு. நிறுத்துன பாடு இல்ல."

"பித்தான்மேல கை வச்சியே?"

"வச்சேன். ஒம்ம மூஞ்சியப் பாத்தேன். நாலு வருசம் கழிச்சு வந்திருக்கான், இன்னைக்கு இதை மாத்துனா இவன் மறுபடியும் தட்டத் தூக்கிட்டு ஓடுவான்னு கைய எடுத்துட்டேன்."

பூங்கொடி என்னைப் பார்க்காமல் ஸ்பீக்கரைச் சுவரோரம் வைத்தாள்.

"அப்ப அந்தக் கொட்டாவி?" என்றேன். கேட்டே ஆக வேண்டியிருந்தது.

"அது வந்து… போரடிச்சுதுவே. மெய்யாவே போரடிச்சுது. அந்த ஆளு ஒரு கட்டையத் தட்டிட்டு அடுத்த கட்டையத் தேடிட்டே இருந்தாரு."

நாலு வருடம் நான் எதிர்பார்த்திருந்தது ஒரு மன்னிப்பு. கிடைத்தது இது. ஆனால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சொல்வது எந்த இடம் என்றுகூட எனக்குத் தெரியும். அந்தப் போலந்துக்காரர் அந்த இடத்தில் கொஞ்சம் நீட்டித்தான் விட்டார்.

தட்டை வைத்து 45-ஐ அமுக்கினேன். வெற்று வீட்டில் அந்தப் பெண்ணின் குரல் எல்லா அறைக்கும் ஓடிப் போய் வந்தது. நாயகம் பெட்டி கட்டிய டேப்பைக் கையில் பிடித்தபடி இடுப்பை ஒரு பக்கம் வெட்டினான். ஐம்பத்து மூன்று வயதில் அது அழகாக இல்லை. நானும் ஆடினேன் என்று பூங்கொடி சொல்வாள். கொசு என்று எழுத இந்த முறை மனம் வரவில்லை.

பாட்டு முடிந்தபோது வாசலில் டாக்ஸி வந்து நின்றது. ஹாரன் அடித்தது. நான் ஊசியை எடுக்கப் போனேன்.

"இரும்" என்றான் நாயகம். "இப்ப அந்த வேகத்துல போடும்."

"எந்த வேகம்?"

"ஒம்ம வேகம்."

"கிண்டலா?"

"இல்லவே." நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டு அவன் பெட்டிமேல் உட்கார்ந்தான். "அன்னைக்கு டாக்டரும் அந்த அம்மாவும் சிரிச்சாவல்லா? ஒமக்காவ நான் சிரிக்காம அடக்கிட்டு இருந்தேன்னு நெனைக்கீரு. எனக்குச் சிரிப்பே வரல. பத்து வருசமா எங்கிட்ட இருந்த தட்டு. அதுக்குள்ள அப்பிடி ஒரு மனுசன் உக்காந்து அழுதுட்டு இருக்கான்னு எனக்குத் தெரியவே தெரியாது. அவர இன்னொருக்கா கேக்கணும்."

பித்தானை அமுக்கினேன். தட்டு தளர்ந்தது. பேஸ் சேற்றில் கால் வைத்தது. முதியவர் வந்தார்.

நாயகம் கண்ணை மூடிக்கொண்டான். நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே மறுபடியும் ஹாரன். பூங்கொடி எழுந்து வாசலுக்குப் போனாள். அவள் பேசுவது எங்களுக்குக் கேட்டது.

"ஒரு பாட்டு ஓடிட்டு இருக்குதுங்க தம்பி. முடிஞ்சதும் வந்துருவாரு."

"எவ்ளோ நேரமாகுங்க?"

"கொஞ்ச நேரமாகுங்க. மெதுவான பாட்டு."